கவனம் சிதறும் பிள்ளையும் கடல் கடந்த படிப்பும்




ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் வட்டாரத்தில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்பு ஆண்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றார்கள். இன்று பிள்ளைகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து, ஜெர்மனி, அயர்லாந்து என்று புறப்படுகிறார்கள். புறப்படும் வீட்டார் எங்களைக் காணும்போது வங்கிக் கடன், தங்கும் அறை, ஹலால் இறைச்சி, குளிர் உடை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார்கள். யாரும் கேட்காத ஒன்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எங்கள் மூத்த மகன் இங்கிலாந்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். அவனுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ளது. மருத்துவர்கள் ஏடிஹெச்டி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். தன் பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்று அவனே இசைவு தந்த பிறகே எழுதுகிறோம். எங்கள் ஊரில் இதே நிலையில் இன்னும் சில பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களுடைய பெற்றோருக்கு இது பயன்பட வேண்டும் என்பதே எங்கள் நிய்யத்.

இது என்ன, எது அல்ல

பெயரில் 'கவனக்குறைவு' என்று இருந்தாலும், இவர்களிடம் கவனமே இல்லை என்று பொருளில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிறுத்தும் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. பிடித்த ஒன்றில் ஆறு மணி நேரம் அசையாமல் இருக்கும் பிள்ளை, பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஒரு விண்ணப்பத்தை மூன்று வாரம் தொடாமல் வைத்திருப்பான். காலத்தைப் பற்றிய உணர்வு மங்கலாக இருக்கும். 'இப்போது', 'பிறகு' என்ற இரண்டு காலங்களே அவனுக்கு உண்டு. சாவி, பணப்பை, கைப்பேசி தொலையும். கேட்ட கேள்வி முடியும் முன் பதில் வரும். சிறுவயதில் ஓட்டமும் துள்ளலுமாக இருந்தது, வளர்ந்த பின் வெளியே தெரியாத உள் அமைதியின்மையாக மாறிவிடும். பெண் பிள்ளைகளிடம் துள்ளல் பெரும்பாலும் தெரிவதே இல்லை. கனவு கண்டபடி உட்கார்ந்திருக்கும் அமைதியான பெண் என்று பெயர் வாங்கிவிடுவதால் அவர்களைக் கண்டறிவது இன்னும் தாமதமாகிறது.

இது புதிதாக முளைத்த நாகரிக நோயும் அல்ல. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-இல் லண்டனில் ஆற்றிய உரைகளிலேயே இத்தகைய குழந்தைகளை விவரித்திருக்கிறார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல் இதற்குக் கவனக்குறைபாடு என்று பெயரிட்டது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென்று தனி அளவுகோலை வகுத்தது. குழந்தைகளுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஆறு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆகவே வெளிநாடு சென்றதால் யாருக்கும் இது வருவதில்லை. பிறப்போடு வந்தது, பெரும்பாலும் குடும்ப வழியில் வந்தது, அங்கே வெளிப்படுகிறது.

கண்ணேறு, செய்வினை, ஈமானின் குறைவு என்று சொல்பவர்கள் எங்கள் உறவிலும் உண்டு. எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் விடவில்லை என்றும், முதுமையைத் தவிர மற்றவற்றுக்கு மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை அபூதாவூத், திர்மிதீ நூல்கள் பதிவு செய்கின்றன. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். மன நோயை மருத்துவத்தின் பகுதியாகக் காண்பது நம் மரபுக்கு அந்நியமானதல்ல. ஓதிப் பார்ப்பதும் மருத்துவரிடம் செல்வதும் எங்கள் வீட்டில் ஒன்றுக்கொன்று பகையாக இருந்ததில்லை.

ஊரில் ஏன் தெரியவில்லை

இருபத்திரண்டு வயது வரை இது ஏன் வெளிப்படவில்லை என்று பலர் கேட்கிறார்கள். விடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

நாங்கள் சிப்காட்டை ஒட்டி வாழ்பவர்கள். குடும்பத் தலைவருக்கு ரோலிங் மில்லில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட், பிற்பகல் இரண்டு மணி ஷிப்ட், இரவு பத்து மணி ஷிப்ட் என்று வாரம் மாறினாலும் வீட்டின் கடிகாரம் பிசகியதில்லை. ஃபஜ்ர் பாங்கு சொன்னால் வீடு எழும். கல்லூரிக்குச் செல்ல ஒரு மின்சார ரயில். அதைத் தவறவிட்டால் அடுத்தது வர நெடுநேரமாகும் என்பதால் தெருவே சேர்ந்து ஓடும். நண்பர்கள் வாசலில் வந்து அழைப்பார்கள். கல்லூரியில் வாரத் தேர்வு, மாதிரித் தேர்வு, தேர்வுக்கு முதல் நாள் கூட்டமாக அமர்ந்து படிப்பது. அஸர் தொழுகைக்கு அவனை அழைக்கத் தங்கை வருவாள். நம் ஊரில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாட்டுக்குள்தான் மாறுகிறது. மஃரிப் என்பது டிசம்பரிலும் ஜூனிலும் மாலைதான்.

அதாவது, அவனுடைய நாளை அவன் மட்டும் தாங்கவில்லை. வீடும் தெருவும் பள்ளிவாசலும் ரயிலும் சேர்ந்து தாங்கின. கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல இருந்தது அந்த ஏற்பாடு. விமானம் ஏறிய அன்று சாரம் முழுவதும் ஒரே நாளில் பிரிக்கப்பட்டது.

அங்கே வாரத்துக்குச் சில மணி நேரமே வகுப்பு. மீதி நேரம் தானாகப் படிக்க வேண்டியது. எட்டு வாரத்துக்குப் பிறகு தர வேண்டிய ஒரு நீண்ட கட்டுரை. இடையில் யாரும் கேட்பதில்லை. பாங்கு ஒலிக்காத தெரு. லண்டனில் டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9.20 வரை மறையாது. குளிர்காலத்தில் லுஹரும் அஸரும் மஃரிபும் சில மணி நேரத்துக்குள் நெருக்கிக்கொண்டு வரும். காலத்தை உணர்வதே கடினமான பிள்ளைக்கு, காலமே இடம் மாறி நின்றது.

முதல் பருவத்தில் இரண்டு கட்டுரைகளைக் குறித்த நாளில் தர அவனால் இயலவில்லை. வகுப்புக்கு வராத நாட்களைப் பற்றிக் கல்வி நிறுவனத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் மாணவர் விசா வழங்க ஆதரவளிக்கும் நிறுவனம், மாணவர் படிப்பில் ஈடுபடுகிறாரா என்று கண்காணிக்கக் கடமைப்பட்டது. தொடர்ந்து ஈடுபடாதவருக்கு ஆதரவை விலக்கிக்கொண்டால் விசாவும் போய்விடும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. எங்கள் அச்சம் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

நோயறிதலும் மருந்தும்

அவனுடைய கல்வி நிறுவனத்தின் ஆலோசகர் ஒருவரே முதலில் ஐயத்தை எழுப்பினார். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் பெரியவர்களுக்கு இந்த நோயறிதல் கிடைக்கப் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளிர்கால விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தபோது சென்னையில் உளமருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அவனோடு மட்டும் பேசவில்லை. எங்களிடமும் அவனுடைய சிறுவயதைப் பற்றி நெடுநேரம் கேட்டார். தொடக்கப் பள்ளியின் மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதியிருந்த குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். இந்தப் பழைய தாள்களை எறிந்துவிடாதீர்கள். 12 வயதுக்கு முந்தைய சான்று அவைதாம்.

நம் நாட்டில் இதற்கு மெதில்ஃபெனிடேட், அட்டோமாக்செட்டின் ஆகிய மருந்துகள் வழங்கப்படுகின்றன. முதலாவது ஊக்க மருந்து வகை, சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டாவது அவ்வகையைச் சேர்ந்ததல்ல. முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்தல் ஆகியவை நேரலாம். அதனால் குடும்பத்தில் இதயநோய் உண்டா என்று மருத்துவர் கேட்பார். மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"போதைப் பழக்கம் ஆகிவிடுமா?" என்பதே வீட்டில் எழுந்த முதல் கேள்வி. மருத்துவர் குறித்த அளவில், அவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும்போது அந்த ஆபத்து குறைவு என்று விளக்கினார். மார்க்க நிலையில் ஐயம் எழவே எங்கள் பள்ளிவாசல் இமாமிடமும் கேட்டோம். அறிவை மயக்குவதற்காக உட்கொள்வதும், குலைந்த அறிவைச் சீராக்க மருத்துவர் தருவதும் ஒன்றல்ல என்றார். எனினும் ஒரு மாத்திரையைக்கூட நண்பனுக்குத் தரக்கூடாது. தேர்வுக் காலத்தில் மற்ற மாணவர்கள் கேட்பார்கள். கொடுப்பது அங்கே குற்றம், இங்கேயும் குற்றம்.

பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

மாத்திரைகளை மூலப் பெட்டியிலேயே, மருந்துச் சீட்டுடனும் மருத்துவரின் கடிதத்துடனும் கொண்டுசெல்ல வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் அளவும் இருக்க வேண்டும். இங்கிலாந்துக்கு இத்தகைய மருந்தை மூன்று மாதத்துக்கோ அதற்கு மேலோ கொண்டுசெல்ல உரிமம் தேவை. அமீரகத்தில் இறங்குவோர் அந்நாட்டின் உரிய அரசு அமைப்பிடமும், சிங்கப்பூர் செல்வோர் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடமும் முன் அனுமதிக்கான விதியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாக வழங்கப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை ஜப்பானுக்குள் மருந்துச் சீட்டு இருந்தாலும் கொண்டுசெல்ல இயலாது. உம்ராவுக்குச் செல்லும்போதும் சவூதியின் விதிகளைப் பார்த்துவிட்டே மருந்தை எடுத்துச் செல்லுங்கள். எந்த நாட்டில் படிப்பது என்று முடிவு செய்யும் முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்ட் கட்டுகிறோம். பணத்தைக் கட்டிவிட்டு மருத்துவரிடம் பதிவு செய்யாமலே பல பிள்ளைகள் காலம் கடத்துகிறார்கள். சென்ற முதல் வாரத்திலேயே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு நோயறிதலை அப்படியே ஏற்று மருந்து எழுத எல்லா மருத்துவர்களும் முன்வருவதில்லை. அங்குள்ள சிறப்பு மருத்துவரின் வழியாகவே மருந்தைத் தொடங்குவது அந்நாட்டு முறை. ஆகவே காத்திருப்போர் பட்டியலில் எவ்வளவு விரைவில் பெயர் சேர்கிறதோ அவ்வளவு நல்லது.

2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, கல்வி நிறுவனங்கள் இத்தகைய மாணவர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். தேர்வில் 25 விழுக்காடு கூடுதல் நேரம், தனி அறை, கட்டுரைக்குக் கெடு நீட்டிப்பு ஆகியவை பரவலாகத் தரப்படுகின்றன. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை மட்டும் பெரும்பாலும் அந்நாட்டு மாணவர்களுக்கே உரியது. ஜெர்மனியிலும் 'நாஹ்டைல்ஸ்அவுஸ்க்லைஹ்' என்ற பெயரில் தேர்வுச் சலுகைக்கு வழி உண்டு. இவற்றைப் பெற 'மாற்றுத்திறன்' என்ற சொல்லின் கீழ் பெயரைப் பதிய வேண்டும். அந்தச் சொல் எங்கள் மகனுக்கு உறுத்தியது. எங்களுக்கும் உறுத்தியது. கண்ணாடி அணிவதைப் போன்றது என்று சொல்லிக்கொண்டு பதிந்தான். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இந்தக் குறைபாடு தனியாக இடம்பெறவில்லை. ஆகவே இங்கே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலைய வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது உளமருத்துவரின் விரிவான அறிக்கை.

தொழுகையும் மறதியும்

மகனை அதிகம் வாட்டியது படிப்பு அல்ல. தொழுகையில் நிற்கும்போது எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் போவதும், வக்து கடந்தபின் நினைவு வருவதும் அவனை நொறுக்கின. தான் நயவஞ்சகனோ என்றுகூட ஓரிரவு தொலைபேசியில் கேட்டான்.

நபி (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று வினவினார். மற்றவர்களிடம் உறுதி செய்துகொண்டு, விடுபட்டதைத் தொழுது, மறதிக்கான இரண்டு ஸஜ்தாக்களை நபியவர்கள் செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்நிகழ்ச்சி உள்ளது. மறதிக்கென்று தொழுகைக்குள்ளேயே ஒரு வழியை வைத்த மார்க்கம் இது. உறங்கிவிட்டவரும் மறந்துவிட்டவரும் நினைவு வந்தவுடன் தொழ வேண்டும் என்பதும் நபிவழியே. அடிக்கடி ஐயம் வருபவர் எந்த எண்ணிக்கையைக் கொள்ள வேண்டும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே விவரங்கள் மாறுகின்றன. உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். எங்கள் இமாம் அவனுக்குத் தொலைபேசியிலேயே விளக்கினார். ஒரு மருத்துவரின் சொல்லைவிட அந்த அரை மணி நேரம் அவனைத் தேற்றியது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தில், கொடுக்கல் வாங்கல் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சலியாதிருக்க வேண்டும் என்ற கட்டளையும், சாட்சி சொல்வோருள் ஒருவருக்குத் தவறினால் மற்றவர் நினைவூட்டும் ஏற்பாடும் உண்டு. மனித நினைவை நம்பி விட்டுவிடாதீர்கள் என்று படைத்தவனே வழி சொல்லியிருக்கும்போது, குறிப்பேடு வைத்துக்கொள்வதில் என்ன இழிவு? மகன் இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறான்.

நாள் எப்படி நிற்கிறது

மருந்து கடிவாளத்தைக் கையில் கொடுக்கும்; எந்தப் பக்கம் செல்வது என்பதை நாம்தான் பழக்க வேண்டும். பிரித்த சாரத்தை வேறு மூங்கில்களால் மீண்டும் கட்டினோம்.

ஐந்து வக்துகளே அவன் நாளின் முளைகள். 'காலையில் படிப்பேன்' என்று அவன் எழுதுவதில்லை. 'லுஹருக்கு முன் இரண்டு பக்கம்' என்று எழுதுகிறான். மாதம் மாறி வக்து மாறும்போது பட்டியலும் மாறும். பெரிய கட்டுரையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டை ஆசிரியரிடம் காட்ட ஏற்பாடு செய்துகொண்டான். அறையில் படிப்பதில்லை, நூலகத்தில் மற்றவர்கள் படிக்கும் மேசையில் அமர்கிறான். வாடகை வங்கியிலிருந்து தானாகவே செல்கிறது. சாவிக்கு ஒரே ஆணி.

எங்கள் பங்கு ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அங்கே காலை ஒன்பதரை என்றால் இங்கே பிற்பகல் மூன்று. காலை ஷிப்ட் முடித்து வந்த அத்தா, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாளிதழ் படிப்பார். அங்கே மகன் படிப்பான். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் அத்தா தூங்கி எழுந்து வந்து அமர்வார். பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டு எதிரில் இருப்பார். ஒருவர் அருகில் இருந்தால் இவர்களுக்கு வேலை ஓடும் என்று மருத்துவர் சொன்னதை இப்படிச் செய்கிறோம். சில நாள் அத்தாவின் குறட்டை கேட்டே அவன் படிப்பதாகத் தங்கை கேலி செய்வாள்.

ரமளானில் தனிக் கவனம் தேவை. நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை ஸஹரில் எடுப்பதா, அளவை மாற்றுவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், தாமாகவே நிறுத்தக்கூடாது. பசி குறையும் மருந்து என்பதால் ஸஹர் உணவைத் தவிர்க்க மனம் சொல்லும். அதற்கு இடம் தரக்கூடாது. நோன்பு உடலுக்குத் தீங்கு தரும் என்று மருத்துவர் கருதினால் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பற்றி ஆலிமிடம் கேளுங்கள்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

தொலைபேசியில் "படித்தாயா?" என்று கேட்டால் "படித்தேன்" என்றுதான் பதில் வரும். "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள், அவனே யோசித்துச் சொல்லும்போது தொடங்கிவிடுவான். 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவன்' என்ற சொற்களை உறவினர் சொன்னாலும் தடுத்து நிறுத்துங்கள். இருபது ஆண்டுகளாக அவற்றைக் கேட்ட பிள்ளை, அவற்றையே தன் பெயர் என்று நம்பிவிடுகிறது.

திருமணப் பேச்சில் மறைப்பதா என்ற கேள்வியும் வரும். பெண் வீட்டாரிடம் தானே சொல்வதாக எங்கள் மகன் கூறிவிட்டான். அதனால் ஒரு சம்பந்தம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்பதே எங்கள் மூவரின் முடிவு. மறைத்துக் கட்டும் வீட்டில் பரக்கத் தங்காது.

ஐயம் உள்ளோர் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே உளமருத்துவரைப் பாருங்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. முதல் பேச்சுக்கே தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மகனுக்கு இன்னும் ஒரு பாடம் மறுதேர்வில் உள்ளது. ஆய்வேட்டில் பாதி எழுதியாகிவிட்டது. சென்ற வாரமும் பேருந்தில் குடையை விட்டுவிட்டு வந்தான். ஆனால் ஃபஜ்ருக்குப் பின் இரண்டு பக்கம் ஓதுவதை நான்கு மாதமாக விடவில்லை. அல்ஹம்துலில்லாஹ். சிறிதாயினும் விடாது செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை அவன் மேசை மேல் ஒட்டி வைத்திருக்கிறானாம்.

அவனுக்காகவும், அவனைப் போலத் தொலைவில் தனித்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.